கழிவுக் கணக்கு

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு
‘தொடக்கம்’ என்று ஒரு பக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
எழுதித் தருகிறேன். போடமாட்டீர்கள்.
அன்றைக்கு நான்
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.

முக்கூடல், பாப்பாக்குடி ரோட்டில் பீடிக்கடை.
பலவேசம், கணக்கு, பத்தொன்பது வயசு.
இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம்.
சொளவிலிருந்து எடுத்து நீட்டுவார்கள்.
ஏஜெண்டு பெருவிரலால் நசுக்கிப் பார்ப்பார்.
‘தலைமடக்கு சரியில்லை’ என்பார்.
நான் சிவப்பு மையில் எழுதுவேன்: கழிவு இரண்டு.

கழித்த கட்டு பின்கட்டுக்குப் போகும்.
பின்கட்டிலிருந்து லேபிள் ஒட்டி
நல்ல கட்டோடு கட்டாக
அம்பாசமுத்திரம் பஸ் ஏறும்.
அதையும் நான்தான் எழுதினேன், நீல மையில்.
ஒரே நோட்டு.
அந்த இரண்டு பக்கத்தையும்
ஒருவரும் சேர்த்துப் பார்த்ததில்லை,
நான் உட்பட,
என்று சொல்ல ஆசைதான்.

போலீஸ் பதிவேட்டில்
‘வெளியாட்களின் தூண்டுதல்’ என்று இருக்கிறது.
உங்கள் தீர்மானப் புத்தகத்தில்
பாளையங்கோட்டை மாநாடு இருக்கிறது;
தேதி, தலைமை, வரவேற்புரை, நன்றியுரை.
நான் இருந்த இடத்தில் மழைதான் இருந்தது.

ஐப்பசிச் செவ்வாய். இலையெல்லாம் ஈரம்.
எல்லோருக்கும் கழிவு நாலு, ஐந்து.
சந்தனமாரிக்கு ஒன்பது.

“கழிச்சதத் தாரும்வே” என்றாள்.

அவள் ‘வே’ என்றதிலேயே
பாதி முடிந்துவிட்டது.
ஏஜெண்டுக்கு அது காதில் ஏறவே
கொஞ்ச நேரம் பிடித்தது.
“கூலி கெடையாதுன்னா அது எனக்கதுதான. தாரும்.”

ஒரு கட்டைத் தூக்கித் தரையில் எறிந்தார்.
குனிந்து எடுத்தாள். நூலை அறுத்தாள்.
பக்கத்து வெற்றிலைக் கடையில் தொங்கிய
கனல் கயிற்றில் ஒரு பீடியைப் பற்றவைத்தாள்.
இழுத்தாள். இருமினாள். கண்ணெல்லாம் தண்ணி.
புகைக்குள்ளிருந்து சொன்னாள்:
“நல்லாத்தான எரியுது.”

ஒன்பது வயசிலிருந்து பீடி சுற்றியவள்
அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பீடி குடித்தாள்.

மைதீன் பாத்து சிரித்தாள். முதலில் அவள்தான்;
முக்காட்டைப் பல்லில் கடித்து
அடக்கப் பார்த்து, முடியாமல்.
பிறகு வரிசை முழுக்க.
மழைக்கு ஒதுங்கியிருந்த மாட்டுவண்டிக்காரன்
என்னவென்று தெரியாமலே சிரித்தான்.
ஏஜெண்டு கையை ஓங்கினார்.
அழுகிறவளை விரட்டத் தெரியும் அவருக்கு,
கெஞ்சுகிறவளைக் காக்கவைக்கத் தெரியும்.
நாற்பது பேர் சிரித்தால் என்ன செய்வதென்று
கம்பெனி சொல்லித் தந்திருக்கவில்லை.
ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் ஒருத்தியும் வரவில்லை.
பதினேழு நாள்.

நோட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று
வருஷா வருஷம் மேடையில் சொல்கிறீர்கள்.
இல்லை.
பன்னிரண்டாம் நாள் ராத்திரி
மைதீன் பாத்தும் இன்னும் ஆறு பேரும்
வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.
ஒன்றும் பேசவில்லை.
பயந்து கொடுத்தேன்.

சந்தனமாரியை அவள் புருஷன் அடித்தான்,
வேலைநிறுத்தத்துக்காக அல்ல,
பீடி குடித்ததற்காக.

உடன்படிக்கையில் எல்லோரையும் திரும்ப எடுத்தார்கள்,
ஒருத்தியைத் தவிர.
அந்த வரிக்குக் கீழே
சங்கத்தின் கையெழுத்தும் இருக்கிறது.
கோப்பு உங்கள் அலமாரியில்தான்.
பம்பாய்க்குப் போனாள் என்றார்கள்.
தாராவியில் யாரோ பார்த்ததாக
ஒரு பங்குனியில் பேச்சு வந்தது, அவ்வளவுதான்.

இடம் போதாவிட்டால்
மாநாட்டுப் படத்தைச் சின்னதாக்குங்கள்.
இல்லை, இந்தப் பக்கத்தையே எடுத்துவிடுங்கள்.
கணக்குப்பிள்ளை எழுதினால்
கணக்கில்தான் முடியும்:

கழித்தது ஒன்பது.
திருப்பித் தந்தது ஒன்று.
எட்டுக் கட்டு
இன்னும் நிற்கிறது.